முதல் வார விற்பனையை வைத்துக் கணிக்கலாமா?

ஆசிரியர் அவர்கட்கு,

தங்கள் வார இதழில் அண்மையில் வெளியான கட்டுரையொன்று, ஜப்பானிய நிறுவனமான நின்டெண்டோவின் புதிய வீடியோ கேம் கொன்சோலான (கேம் விளையாடும் கருவியான) சுவிட்ச் 2 வெற்றி பெறுவது உறுதி என்று எழுதியிருந்தது. அதற்குக் காட்டப்பட்ட ஆதாரங்கள் இரண்டு: அதன் சிப்பின் வேகம், 2025 ஜூன் 5ஆம் திகதி வெளியாகி நான்கே நாட்களில் 3.5 மில்லியன் விற்றமை. முடிவு சரியாகவே இருக்கலாம். ஆனால் அந்த ஆதாரங்களைக் கொண்டு அந்த முடிவுக்கு வர முடியாது.

இதே நிறுவனம் 2006 நவம்பரில் 'வீ' என்ற கொன்சோலையும் 2012 நவம்பரில் அதன் வாரிசாக 'வீ யூ'வையும் வெளியிட்டது. வெளியான ஆண்டின் டிசம்பர் முடிவதற்குள் வீ 3.19 மில்லியனும் வீ யூ 3.06 மில்லியனும் விற்றன. அந்தக் கட்டத்தில் இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்த எவருக்கும் பெரிய வேறுபாடு தெரிந்திராது. ஆயினும் வீயின் மொத்த விற்பனை 101 மில்லியனைத் தாண்டியது. வீ யூ 13.56 மில்லியனோடு நின்றுபோனது. உண்மை நிலை வெளிப்பட்டது 2013இன் முதல் மூன்று மாதங்களில்தான். அக்காலத்தில் உலகம் முழுவதும் விற்றவை 390,000. அடுத்த மூன்று மாதங்களில் 160,000. நத்தார்ப் பரிசு வாங்குவோரும், எது வந்தாலும் முதல் நாளே வாங்கிவிடும் ரசிகர்களும் ஒதுங்கிய பின்னர், அதைத் தேடிவர வேறு ஆட்கள் இருக்கவில்லை. அது புதிய கொன்சோல் என்பதே பலருக்குத் தெரியவில்லை. பழைய வீயுடன் இணைக்கும் உபகரணம் என்றே எண்ணினார்கள்.

எங்கள் கடற்கரைச் சுற்றுலாத் தலமான நிலாவெளியில் விடுதி நடத்துபவரின் நிலையை அவருடைய ஆகஸ்ட் மாத வருமானத்தைக் கொண்டு எவரும் அளப்பதில்லை. மாரிகாலத்தில் அவர் எப்படிச் சமாளிக்கிறார் என்றே விசாரிப்போம். கொன்சோலுக்கும் பண்டிகையில்லாத முதல் காலாண்டே உரைகல் என்பது என் கருத்து.

இதற்கும் ஒரு விலக்கு உண்டு. 2011 தொடக்கத்தில் வெளியான நின்டெண்டோ 3டீஎஸ், அவ்வாண்டு ஏப்ரல் முதல் ஜூன் வரை 710,000 மட்டுமே விற்றுத் தள்ளாடியது. வெளியாகி ஆறு மாதங்களாகும் முன்பே அமெரிக்காவில் அதன் விலை ஏறத்தாழ 250 டொலரிலிருந்து 170 டொலராக இறக்கப்பட்டது. ஆண்டு முடிவதற்குள் இரண்டு மரியோ கேம்களும் வந்தன. இறுதியில் அது 75 மில்லியனைக் கடந்தது. ஆனால் அப்படி மீண்டு வருவதற்கு நிறுவனத்தின் கையில் பணம் இருந்தாக வேண்டும். மற்றொரு கொன்சோல் தயாரிப்பாளரான சேகா நிறுவனத்திடம் அது இருக்கவில்லை. 1999 செப்டெம்பரில் அமெரிக்காவில் மிகச் சிறப்பாகத் தொடங்கிய அதன் ட்ரீம்காஸ்ட், பெரிய கேம் நிறுவனமான எலெக்ட்ரோனிக் ஆர்ட்ஸின் ஆதரவு கிட்டாமலும், டீவீடீ படங்களையும் ஓட்டவல்ல சோனியின் பிளேஸ்டேஷன் 2இன் வரவைத் தாங்க இயலாமலும் 2001 மார்ச்சில் தயாரிப்பை நிறுத்தியது. சேகா அதன் பின்னர் கொன்சோல் செய்யவே இல்லை.

இந்த அளவுகோலை சுவிட்ச் 2க்குப் பொருத்தினால், நான்கு நாள் கணக்கைவிட, பண்டிகை எதுவுமற்ற ஜூலை முதல் செப்டெம்பர் வரையான மூன்று மாதங்களில் அது விற்ற ஏறத்தாழ 4.5 மில்லியனே எனக்குப் பெரிதாகப் படுகிறது. கட்டுரையாளர் அதைச் சொல்லியிருந்தால் இக்கடிதத்துக்கு அவசியம் இருந்திராது.

திருகோணமலையில் நாம் வாங்கும் சில கொன்சோல்கள் உலகக் கணக்கை அசைக்கப்போவதில்லை. ஆனால் கணிப்பு பிழைத்தால் நட்டம் நமக்கும் உண்டு. சுவிட்ச் 2 வெளியானபோது அதன் அமெரிக்க விலை 449.99 டொலர், டொலர் ஒன்றுக்கு 300 ரூபா என்று வைத்தாலும், வரிகள் சேராமலே 135,000 ரூபா ஆகிறது. மத்திய வீதியில் கடை வைத்திருப்பவர் கொழும்பிலிருந்து இரண்டை எடுத்து வைத்தாலே அவருடைய முதலீட்டில் ஒரு பகுதி முடங்கிவிடும். பிரான்ஸிலிருந்தோ கனடாவிலிருந்தோ உறவினர் கொண்டுவந்து கொடுப்பது இலவசம்தான் என்றாலும், தயாரிப்பு நிறுத்தப்பட்ட கொன்சோலுக்குப் புதிய கேமும் கிடைக்காது, பழுதுபார்க்கப் பாகமும் கிடைக்காது. இங்கே பெற்றோர் பலர் பத்திரிகையில் வருவதை நம்பியே இத்தகைய பொருட்களில் பணம் போடுகிறார்கள் என்பதைத் தங்கள் கட்டுரையாளர்கள் மனதிற் கொள்ள வேண்டும்.

ஆகவே இனி இத்தகைய கணிப்புகளை வெளியிடும்போது, வெளியீட்டு வாரச் செய்தியோடு நில்லாமல், காலாண்டு விற்பனையையும் சேர்த்துத் தருமாறு கேட்டுக்கொள்கிறேன். நின்டெண்டோவும் சோனியும் இவ்விபரங்களைத் தங்கள் நிதியறிக்கைகளிலேயே வெளியிடுகின்றன. மைக்ரோசொஃப்ட் மட்டும் 2015 முதல் எக்ஸ்பொக்ஸ் விற்பனை எண்ணிக்கையைச் சொல்வதை நிறுத்திவிட்டது. அதன் கொன்சோலைப் பற்றி எழுதுபவர் வேறு வழிதான் தேட வேண்டியிருக்கும்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
உவர்மலை, திருகோணமலை.