லெட்டர் தாளில் முதல் பத்துப் பக்கம்

அன்புள்ள பாப்பாவுக்கு,

திரைக்கதை எழுதப் படிக்க அமெரிக்காவில் விண்ணப்பிக்கப் போகிற இடங்கள் என்று நீ அனுப்பிய பட்டியலைப் பார்த்தேன். யூசிஎல்ஏ, யூஎஸ்சி, ஏஎஃப்ஐ, என்ஒய்யூ, கொலம்பியா, ஆஸ்டினில் இருக்கும் மிச்னர் மையம். ஆறும் நல்ல இடங்கள்தான். ஆனால் ஆறுக்கும் ஒரே ஸ்க்ரிப்ட், ஒரே கட்டுரை போதும் என்று எழுதியிருக்கிறாயே, அது சரிப்படாது. ஒவ்வொரு இடமும் வேறு மாதிரி ஆளைத் தேடுகிறது.

யூசிஎல்ஏவில் காலாண்டு முறை. பத்து வாரத்துக்குள் ஒரு முழுநீளத் திரைக்கதையை எழுதி முடிக்கச் சொல்வார்கள். தினமும் உட்கார்ந்து எழுதுகிறவர்களுக்கான இடம் அது. ஏஎஃப்ஐயில் எழுத்து, இயக்கம், ஒளிப்பதிவு, படத்தொகுப்பு, தயாரிப்பு, அரங்க வடிவமைப்பு என்று ஆறு பிரிவுகள். முதல் வருடமே நீ எழுதுவதை உன்னோடு படிக்கிற இயக்குநர் படமாக எடுப்பார். உன் வசனத்தைப் பிறர் வெட்டுவதைப் பொறுத்துக்கொள்கிறவளா என்பதுதான் அங்கே கேள்வி. என்ஒய்யூவின் டிராமாட்டிக் ரைட்டிங் துறை மேடை நாடகத்தையும் சினிமா, டிவி எழுத்தோடு சேர்த்தே நடத்துகிறது. கொலம்பியாவில் எழுத வருகிறவர்களும் இயக்கம் படித்தாக வேண்டும்.

மிச்னர் மையத்தைத் தனியாக யோசி. மூன்று வருடப் படிப்பு, கட்டணம் இல்லை, செலவுக்கும் பணம் தருகிறார்கள். புனைகதை, கவிதை, நாடகம், திரைக்கதை என்ற நான்கில் ஒன்றை முதன்மையாகவும் இன்னொன்றைத் துணையாகவும் எடுக்க வேண்டும். உன் சிறுகதைகளுக்கு மதிப்பு கிடைக்கும் இடம் இது ஒன்றுதான். ஆனால் எல்லா வகைக்கும் சேர்த்தே வருடத்துக்குப் பன்னிரண்டு பேர் அளவில்தான் எடுப்பார்கள். விண்ணப்பி, ஆனால் இதை மட்டும் நம்பி இருக்காதே.

இனி ஸ்க்ரிப்ட். உன் விண்ணப்பத்தின் உயிர் அதுதான். மதிப்பெண், கட்டுரை, பரிந்துரைக் கடிதம் எல்லாம் பழுதில்லாமல் இருந்தால் போதும், உனக்கு இடம் வாங்கித் தரப்போவது பக்கங்கள். இந்தப் படிப்புக்குப் பெரும்பாலான இடங்களில் ஜிஆர்இ நுழைவுத் தேர்வு கேட்பதில்லை. அந்தப் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, அந்த நேரத்தில் ஸ்க்ரிப்டைத் திருத்து.

ஃபார்மட்டில் பிசகு வந்தால் படிப்பவருக்கு முதல் பக்கத்திலேயே நம்பிக்கை போய்விடும். கூரியர் எழுத்து, 12 புள்ளி அளவு. இடது ஓரம் ஒன்றரை அங்குலம், மற்ற மூன்று ஓரங்களும் ஒரு அங்குலம். இந்தக் கணக்கில்தான் ஒரு பக்கம் ஏறத்தாழ ஒரு நிமிடப் படம் என்கிறார்கள். முழுநீளப் படத்துக்கு 90லிருந்து 120 பக்கம் வரை போகலாம். உன்னுடையது 105க்குள் நின்றால் நல்லது. நம் ஊர்க் கம்ப்யூட்டரில் தாள் அளவு ஏ4 என்றே இருக்கும். அமெரிக்காவில் லெட்டர் தாள், எட்டரைக்குப் பதினொன்று அங்குலம். ஏ4 உயரம் கூடுதல் என்பதால் பக்கத்துக்கு நாலு வரி அதிகம் பிடிக்கும். ஏ4இல் 105 பக்கம் வந்த ஸ்க்ரிப்ட் லெட்டர் தாளில் 110ஐத் தாண்டிவிடலாம். பக்க வரம்பு வைத்திருக்கும் இடத்தில் அது சிக்கல். எழுதத் தொடங்கும் முன்பே தாள் அளவை மாற்றிவிடு. ஸ்க்ரிப்ட் எழுத ஃபைனல் டிராஃப்ட் மென்பொருளை வாங்கித்தான் ஆக வேண்டும் என்றில்லை, ட்ரெல்பி இலவசம், அதுவே போதும்.

நீ அனுப்பிய காட்சியில் ஒரு வரி இருந்தது: "இறந்துபோன அப்பாவை நினைத்து அவன் மனம் கலங்குகிறான்." இதைக் கேமரா எப்படிக் காட்டும்? இப்படி எழுதிப் பார்: "நாற்காலிக் கைப்பிடியில் அப்பாவின் துண்டு. அவன் அதை எடுத்து நாலாக மடிக்கிறான். கொஞ்சம் நின்று, மறுபடி பிரித்து, கிடந்த மாதிரியே போடுகிறான்." மனம் என்ற சொல்லே தேவைப்படவில்லை, பார். உன் ஸ்க்ரிப்டில் "நினைக்கிறான்", "உணர்கிறாள்", "ஞாபகம் வருகிறது" என்று வரும் இடத்தையெல்லாம் தேடி எடு. ஒவ்வொன்றிலும் கையோ காலோ ஏதாவது செய்ய வேண்டும்.

இதைவிடக் கடினமானது மொழி. உன் கதை மதுரையில் நடக்கிறது, படிக்கப் போகிறவருக்கு ஆங்கிலம் மட்டுமே தெரியும். தொடக்கத்தில் ஒரு குறிப்பு போடு: வசனங்கள் தமிழில், துணைத்தலைப்பு ஆங்கிலத்தில். அதன் பிறகு எளிய, பேசுகிற ஆங்கிலத்திலேயே எழுது. அத்தையை ஆங்கில "ஆன்ட்டி" ஆக்கிவிடாதே. ஆங்கில எழுத்தில் அத்தை என்றே எழுது, அடைப்புக்குறிக்குள் விளக்கமும் கொடுக்காதே. அவள் அண்ணன் வீட்டுச் சமையலறைக்குள் யாரையும் கேட்காமல் நுழைந்து உப்பு பார்த்தால், அவள் யார் என்பது எந்த ஊர்க்காரருக்கும் விளங்கும்.

இன்னொரு இழப்பை நீ கவனித்திருக்க மாட்டாய். பதினேழாம் பக்கத்தில் மருமகன் மாமனாரை "நீங்க" என்பதை விட்டு முதல்முறையாக "நீ" என்கிறான். தமிழில் அது கன்னத்தில் அறை விழுந்த மாதிரி. ஆங்கிலத்தில் இரண்டும் ஒரே சொல், காட்சி சப்பென்று போய்விடும். அந்த அடியைச் செயலுக்கு மாற்று. மாமனார் உள்ளே வரும்போதெல்லாம் அதுவரை எழுந்து நின்றவன், இந்த முறை உட்கார்ந்தே இருக்கட்டும். அதற்காக முன்னால் இரண்டு காட்சிகளிலாவது அவன் எழுந்து நிற்பதைப் பதித்து வைக்க வேண்டும்.

கட்டுரைகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். யூசிஎல்ஏ இரண்டு கேட்கும். ஒன்று நீ என்ன எழுதுகிறாய், ஏன் அங்கே படிக்க வேண்டும் என்பது. மற்றது உன் பின்னணி. ஒன்றையே மாற்றி மாற்றி எழுதி இரண்டிலும் ஒட்டாதே. "சின்ன வயதிலிருந்தே சினிமா பிடிக்கும்" என்ற வரி எதிலும் வேண்டாம், விண்ணப்பிக்கிற எல்லாருக்கும் பிடிக்கும். நண்பனோடு சேர்ந்து எழுதிய குறும்படத்தையும் அனுப்பாதே. தனியாக எழுதியதைத்தான் கேட்பார்கள்.

பரிந்துரைக்கு மூன்று பேரிடம் ஆகஸ்டிலேயே சொல்லிவை. அவர்களுடைய மின்னஞ்சலை நீ படிவத்தில் போட்டால், கல்லூரியிலிருந்து நேராக அவர்களுக்கு ஒரு இணைப்பு போகும். பாதி நேரம் அது ஸ்பாமில் கிடக்கும். அனுப்பிய அன்றே போன் போட்டுக் கேள். உன் துறைத்தலைவரைவிட, உன் எழுத்தைத் திருத்திய தமிழாசிரியர் எழுதுவது மேல். அவருக்கு ஆங்கிலத்தில் எழுதச் சங்கடம் என்றால், மொழிபெயர்ப்பை ஏற்பார்களா என்று கல்லூரிக்கு முன்கூட்டியே எழுதிக் கேட்டுக்கொள்.

பெயர் விஷயத்தை இப்போதே முடிக்க வேண்டும். உன் பாஸ்போர்ட்டில் சர்நேம் கட்டம் காலி. அப்படியே போனால் அமெரிக்க விசாவில் உன் பெயர் சர்நேம் இடத்தில் ஏறி, பெயர் இருக்க வேண்டிய இடத்தில் எஃப்என்யூ என்று விழும். முதல் பெயர் தெரியாது என்று பொருள். வங்கிக் கணக்கு, ஓட்டுநர் உரிமம் என்று அது உன் கூடவே வரும். அப்பா பெயரைச் சர்நேமாகச் சேர்த்துப் பாஸ்போர்ட்டை மறுபடி வாங்கிவிடு. விண்ணப்பம், டோஃபல் ஆங்கிலத் தேர்வு எல்லாவற்றிலும் அதே எழுத்துக்கூட்டல் இருக்கட்டும். மார்க்‌ஷீட்டில் இன்ஷியல் மட்டும் இருப்பதற்கு ஒரு உறுதிமொழிப் பத்திரம் எடுத்து வைத்துக்கொள்.

கடைசித் தேதிகள் பெரும்பாலும் நவம்பர் தொடக்கத்திலிருந்து ஜனவரி வரை விழும். வருடத்துக்கு வருடம் மாறும் என்பதால் அவரவர் தளத்தில் பார். நேரம் அவர்கள் ஊர்க் கணக்கு. கலிஃபோர்னியாவில் இரவு 11.59 என்றால் குளிர்காலத்தில் நமக்கு மறுநாள் மதியம் 1.29. நவம்பர் முதல் ஞாயிறு அங்கே கடிகாரத்தை மாற்றுவார்கள், அதற்கு முன் என்றால் 12.29. அந்த ஒரு மணி நேரத்தை எண்ணி உட்காராதே, இரண்டு நாள் முன்பே அனுப்பிவிடு.

பணத்தைப் பற்றி ஒளிக்காமல் சொல்கிறேன். மாணவர் விசாவுக்காகக் கல்லூரி தரும் ஐ-20 படிவம் கிடைக்க முதல் வருடச் செலவுக்கான பணத்தைக் காட்ட வேண்டும், கடன் அனுமதிக் கடிதமும் ஏற்கப்படும். படித்து முடித்த பின் ஓபிடி என்ற வேலை அனுமதியில் பொதுவாகப் பன்னிரண்டு மாதம் வேலை பார்க்கலாம். புதிதாக வந்த எழுத்தாளருக்கு விசா எடுத்துத் தரும் நிறுவனம் அரிது. அந்தப் பன்னிரண்டு மாதச் சம்பளத்தை வைத்துக் கடனை அடைக்கலாம் என்று கணக்குப் போடாதே. உதவித்தொகை இல்லாமல் இடம் கிடைத்தால் உடனே சரி சொல்லிவிடாமல் என்னைக் கூப்பிடு. உட்கார்ந்து கணக்குப் பார்ப்போம். ஒரு வருடம் தள்ளிப் போட்டு மறுபடி விண்ணப்பிப்பதில் தப்பே இல்லை.

ஞாயிற்றுக்கிழமைக்குள் முதல் பத்துப் பக்கத்தை அனுப்பு. லெட்டர் தாளில், பிடிஎஃப்பாக. அந்த மருமகன் எழுந்து நிற்கிற காட்சி அதற்குள் ஒன்றாவது வர வேண்டும்.

அன்புடன்,
அம்மா