தலையில் அடிபட்டால் வெளியே எடு, மச்சான்

ஸ்காபரோ

அன்புள்ள மச்சான்,

வீட்டில் எல்லாரும் சுகம்தானே? 15 வயதுக்குட்பட்ட பொடியன்களுக்கு உதைபந்தாட்டம் பழக்கத் தொடங்கியிருக்கிறாய் என்று வாசித்ததும் பெரிய சந்தோஷம். அதனால்தான் இதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

போன மாதம் சின்னவள் பந்தைத் தலையால் முட்டப் போய் இன்னொரு பிள்ளையின் தலையோடு மோதிவிட்டாள். விழவில்லை, மயங்கவில்லை, இரத்தமும் இல்லை. "ஒன்றுமில்லை" என்று சொல்லிவிட்டு ஓடிக்கொண்டுதான் இருந்தாள். பக்கத்தில் விளையாடிய பிள்ளைதான் கோச்சிடம் போய், "இவள் ஸ்கோர் எவ்வளவு என்று திரும்பத் திரும்பக் கேட்கிறாள்" என்று சொன்னது. கோச் உடனே அவளை வெளியே எடுத்துவிட்டார். அழுதாள், கோபித்தாள், அவர் மசியவில்லை. டொக்டரிடம் காட்டினோம், கன்கஷன்தான், அதாவது தலை அடிபட்டு உள்ளே மூளை குலுங்கிப் போவது. இப்போது சுகம், யோசிக்காதே.

கனடாவில் எங்கள் ஒன்ராறியோ மாகாணத்தில் இப்படி வெளியே எடுப்பது கோச்சின் விருப்பம் இல்லை, சட்டம். ரோவன் ஸ்டிரிங்கர் என்ற ஒட்டாவாப் பிள்ளையின் பெயரில் 2018இல் நிறைவேற்றினார்கள். 17 வயது, பள்ளிக்கூட ரக்பி அணித் தலைவி. 2013 மே மாதம், ஒரு வாரத்துக்குள் அடுத்தடுத்துத் தலையில் அடி. கன்கஷனாக இருக்குமோ என்று சிநேகிதிகளுக்கு மெசேஜ் போட்டிருக்கிறாள், அதைப் பற்றி இணையத்திலும் தேடியிருக்கிறாள். ஆனாலும் விளையாடப் போனாள். கடைசி ஆட்டத்தில் விழுந்தவள் பிழைக்கவில்லை. முதல் அடி ஆறுமுன் இன்னோர் அடி பட்டால் மூளை சடுதியாக வீங்கிவிடலாம். என்னை உலுக்குவது அந்த மெசேஜ்கள்தான், மச்சான். விஷயம் தெரிந்திருந்தது பிள்ளைகளுக்கு. அவளைத் தடுக்கக்கூடிய பெரியவர்களுக்குத் தெரியவில்லை.

அதனால் உன் பொடியன்களுக்கு முதல் பாடமாக இதைச் சொல்லு: கூட்டாளிக்குத் தலையில் அடிபட்டால் கோச்சிடம் வந்து சொல்வது கோள் சொல்வது இல்லை. அடிபட்டவன் "ஒன்றுமில்லை" என்றுதான் சொல்லுவான், அதை நம்பாதே. தலையிடி, தலைச்சுற்று, வெளிச்சம் கூசுவது, கேட்டதற்கு மெதுவாகப் பதில் சொல்வது, காரணமில்லாமல் எரிச்சல் என்று ஏதாவது ஒன்று தெரிந்தாலும் அன்று அவனுக்கு ஆட்டம் முடிந்தது. திரும்பத் திரும்பச் சத்தி, கூடிக்கொண்டே போகும் தலையிடி, வலிப்பு, எழுப்பக் கஷ்டமான தூக்கம் என்றால் நேரே ஆஸ்பத்திரிதான். ஸ்கானில் ஒன்றும் இல்லை என்பதால் கன்கஷன் இல்லை என்று ஆகாது. ஸ்கான் பார்ப்பது இரத்தக் கசிவையும் எலும்பு முறிவையும். ஹெல்மெட்டும் மண்டையைத்தான் காக்கும், உள்ளே மூளை குலுங்குவதை அதனால் நிறுத்த முடியாது. கிரிக்கெட் பழக்கும் வாத்தியாரிடமும் இதைச் சொல்லிவை.

அப்புறம், இருட்டறையில் நாள்கணக்காகப் படுக்க வைப்பது பழைய முறை. ஒன்றிரண்டு நாள் ஓய்வு, ஃபோன் பார்ப்பதைக் குறைப்பது, பிறகு மெல்ல நடை. முதலில் வகுப்பு, அதற்குப் பிறகுதான் மைதானம். சின்னவள் மெதுவாக ஓடுவதில் தொடங்கி ஒவ்வொரு படியாக ஏறினாள். தலையிடி திரும்ப வந்த நாளில் ஒரு படி இறங்கினாள். டொக்டர் சரி என்று எழுதித் தந்த பிறகுதான் மட்ச்.

உங்கள் மைதானத்தில் மட்ச் நாளில் முதலுதவிக்கு யார் நிற்கிறார்கள்? ஆஸ்பத்திரிக்குப் போக வாகனம் இருக்கிறதா? அடுத்த கடிதத்தில் எழுது. பிள்ளைகளுக்குக் கொடுக்கத் தமிழில் ஒரு பக்கத்தில் இதையெல்லாம் எழுதித் தரவும் நான் ஆயத்தம்.

அன்புடன்,
உன் நண்பன்