டீச்சர், உங்கள் மூன்று கட்டு அட்டைகள்

டீச்சர்,

வணக்கம். நீங்கள் ஓய்வு பெற்று ஒரு வருஷம் ஓடிவிட்டது. பள்ளி திறந்த வாரம் பீரோவை ஒதுக்கும்போது உங்கள் அட்டைகள் கிடைத்தன என்று புது மிஸ் எடுத்துக் காட்டினார். தினசரி காலண்டர் அட்டையை வெட்டி, ஸ்கெட்ச் பேனாவில் எழுதி, ரப்பர் பேண்ட் போட்ட மூன்று கட்டு. ரப்பர் பேண்ட் இற்றுப்போய் அட்டையோடு ஒட்டிக்கிடந்தது.

அவருக்கு முதலில் விளங்கவில்லை. முதல் கட்டில் கு, டு, மு, ரு, ழு, ளு. அடுத்ததில் சு, பு, யு, வு. மூன்றாவதில் ணு, து, நு, லு, று, னு. உகரக் குறியின் வடிவத்தை வைத்துப் பிரித்திருக்கிறீர்கள்: அடியில் சுழல்வது ஒரு கட்டு, நேராகக் கீழே இறங்குவது ஒரு கட்டு, அடியில் போய் வலப்பக்கம் மேலேறுவது ஒரு கட்டு. ஙு, ஞு இரண்டையும் எழுதவே இல்லை. சரிதான், எந்த வார்த்தையில் வரப்போகிறது?

கால் எல்லா எழுத்துக்கும் ஒன்றேதான், கொம்பும் அப்படித்தான். உகரம் அப்படியில்லை, எழுத்தோடு ஒட்டி உருவத்தையே மாற்றிவிடும். அட்டவணை வரிசையில் நடத்தினால் கு-வில் ஒரு குறி, சு-வில் வேறு, டு-வில் மறுபடி பழையது, ணு-வில் இன்னொன்று. இதில் விதியே இல்லை என்று பிள்ளை முடிவுகட்டி, ஒவ்வொன்றையும் படம்போல மனசில் ஏற்றப் பார்க்கும். பாதியில் சோர்ந்துவிடும். உங்கள் முறையில் ஒரு கட்டுக்கு ஒரே ஒரு கைவீச்சு போதும்.

இவ்வளவு தெரிந்த உங்கள் வகுப்பில்தான், நான் வாசிப்பைச் சோதிக்க வந்த அந்த பிப்ரவரி மதியம், அது நடந்தது.

ஜன்னல் பக்கப் பாயில் இருந்த பெண். புத்தகத்தைக் கொடுத்ததும் கணீரென்று வாசித்தாள். விரல் மூன்றாவது வரியில், வாய் ஐந்தாவது வரியில். விரலும் வாயும் பிரிந்துவிட்டால் அது ஒப்பிப்பு. அதே பாடத்திலிருந்து நாலு வார்த்தையை வரிசை மாற்றி, செயல்வழிக் கற்றல் காலத்தில் சுவரடியில் பூசிய பலகையில் எழுதினேன். ‘தோணி’யில் நின்றாள். “தே... ர... ணி” என்றாள். ‘கொக்கு’ “கெரக்கு” ஆனது. கொம்பு முன்னால், கால் பின்னால், எழுத்து நடுவில். மூன்றையும் பார்த்த பிறகுதான் ஓர் ஒலி. ஒவ்வொன்றாக இடமிருந்து வலம் போகிற பிள்ளைக்குக் கால் ‘ர’வாகத்தான் தெரியும். கொம்பையும் காலையும் ஒரு நிறத்திலும் நடு எழுத்தை வேறு நிறத்திலும் எழுதி, க, த, ப, ம நாலோடு மட்டும் பத்து நாள் பழக்கினால் தீர்கிற தடங்கல் அது.

“நேத்து வரைக்கும் நல்லா வாசிச்சாளே மேடம்” என்று சாக்பீஸைக் கீழே வைத்தீர்கள்.

அன்றைக்கு 9 பேரை, எண்ணும் எழுத்தும் திட்டத்தின் மேல்நிலையான மலரிலிருந்து அடிநிலையான அரும்புக்கு இறக்கி எழுதினேன். மன்னிப்புக் கேட்கத்தான் இந்தக் கடிதத்துக்கு உட்கார்ந்தேன். ஆனால் அந்த எண்ணிக்கை தப்பில்லை டீச்சர், இன்றைக்குக் கேட்டாலும் அதையேதான் எழுதுவேன். தப்பு, அறிக்கையில் குறிப்பு என்ற கட்டத்தை வெறுமையாக விட்டது. ஒன்று, இரண்டு, மூன்று என மூன்று வகுப்பும் ஒரே அறையில் என்று அதில் எழுதியிருக்க வேண்டும். 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணைப்படி 60 பிள்ளைகள் வரை 2 ஆசிரியர் போதும். 5 வகுப்புக்கு 2 பேர். ஒருவர் பயிற்சிக்குப் போனால், ஒருவர் செயலியில் மதிப்பீட்டைப் பதிய உட்கார்ந்தால், மிச்சம் யார்? அம்மா விடியற்காலையில் காசிமேட்டுக்கு மீன் எடுக்கப் போக, தம்பியைப் பார்த்துக்கொள்ள நின்றுவிட்ட பிள்ளைக்கு விட்டுப்போன பாடத்தை எந்த நேரத்தில் நடத்துவது? இதெல்லாம் தெரிந்தும் எழுதவில்லை. அந்தக் காகிதத்தை வைத்து உங்களிடம் யார் என்ன கேட்டார்கள் என்பது இங்கே வேண்டாம். படிக்கிறவர்களில் சர்வீஸில் இருப்பவர்கள் உண்டு. பள்ளியின் பெயரும் தெருவும்கூட வேண்டாம்.

உங்கள் மேல் கோபமும் இருக்கிறது. மலர் என்று பதிந்தது நீங்கள்தானே? 2022-ல் எண்ணும் எழுத்தும் வந்ததே, எட்டு வயதுக்குள் எல்லாப் பிள்ளையும் வாசிக்க வேண்டும் என்றுதான். மலர் என்று போட்டால் கைக்கு வருவது மலர் நிலைப் பயிற்சி. எழுத்துக் கூட்டத் தெரியாத பிள்ளை அதில் பக்கத்துப் பிள்ளையைப் பார்த்து எழுதும், பக்கமெல்லாம் சிவப்பு டிக் விழும். நாலாம் வகுப்பில் வரலாறு படிக்க வேண்டிய நேரத்தில் ‘கெரக்கு’ வெளியே வரும். உங்களுக்குத் தெரியாமல் இருந்திருக்காது. தெரியாதவராக இருந்திருந்தால் இத்தனை நாள் மனசில் வைத்திருக்க மாட்டேன்.

கணக்கில் நீங்கள் ஒளிக்கவே இல்லை. 52-லிருந்து 27 போனால் 35 என்று பாதி வகுப்பு எழுதியதை நீங்களே காட்டினீர்கள். 2-லிருந்து 7 போகாது, அதனால் பிள்ளைகள் 7-லிருந்து 2-ஐக் கழித்துவிடுகிறார்கள் என்றீர்கள். ஐஸ்குச்சியைப் பத்துப் பத்தாகக் கட்டி, 5 கட்டும் 2 உதிரியும் வைத்து, ஒரு கட்டை அவர்களையே அவிழ்க்க வைத்தீர்கள். உதிரி 12 ஆனது. 7 எடுத்தால் 5, மீதி 4 கட்டில் 2 எடுத்தால் 2. இருபத்தைந்து என்று கத்தினார்கள். அதையும் நான் எழுதவில்லை.

அந்தப் பெண்ணின் வகுப்பில் இப்போது தினமும் முதல் 20 நிமிஷம் வாசிப்புக்கு மட்டும். படிக்காத பத்தி, படம் கிடையாது, ஆள் ஆளாக. நின்ற இடத்தில் பென்சிலால் ஒரு புள்ளி, அவ்வளவுதான், திருத்துவது மறுநாள். உங்கள் அட்டைகளுக்குப் புது ரப்பர் பேண்ட் போட்டாயிற்று.

ஒன்று மட்டும் கேட்க வேண்டும். நெடிலுக்கு அட்டை எதுவும் காணோம். கூ, சூ, தூ, பூ எல்லாம் எப்போது எடுப்பீர்கள்? அந்தந்தக் கட்டின் குறில் முடிந்ததுமா, மூன்று கட்டிலும் வார்த்தை வாசித்த பிறகா? புது மிஸ் திங்கட்கிழமை இரண்டாவது கட்டைத் தொடங்குகிறார். அதற்குள் சொன்னால் நல்லது.