விண்ணப்பத் தளங்களை நடத்தும் அதிகாரிகளுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய அதிகாரிகளுக்கு வணக்கம்.

நான் இணையதளங்களைப் பராமரிக்கும் தொழிலில் இருப்பவன். பக்கத்து வீட்டு மாணவி ஒருவர், விண்ணப்பிக்கக் கடைசி நாளன்று மாலை, கையில் அப்பாவின் ஏடிஎம் அட்டையுடன் என் வீட்டுக்கு வந்தார். கட்டணப் பக்கத்தில் "சற்று நேரம் கழித்து முயலவும்" என்ற ஒற்றை வரிதான் திரும்பத் திரும்ப வந்துகொண்டிருந்தது. உதவி எண்ணில் பேசியவரோ, தங்கள் கண்காணிப்புத் திரையில் தளம் பச்சையாகவே இருக்கிறது என்றார். அவர் பொய் சொல்லவில்லை. ஒவ்வொரு கோரிக்கைக்கும் தளம் விடையோடு மூன்றிலக்கக் குறியீடு ஒன்றையும் அனுப்பும்; அந்தப் பக்கம் அனுப்பிய குறியீட்டை நானே எடுத்துப் பார்த்தேன். 'கோரிக்கை நிறைவேறியது' என்று பொருள்படும் 200தான் இருந்தது.

அந்தத் திரைக்குப் பின்னால் இயங்கும் கண்காணிப்பு நிரல், நிமிடத்துக்கு ஒரு முறையோ ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறையோ, நம் உலாவியைப் போலவே தளத்துக்கு ஒரு கோரிக்கை அனுப்புகிறது. குறித்த நொடிகளுக்குள் விடை வராவிட்டாலோ, 500, 503 போன்ற பிழைக் குறியீடு வந்தாலோ, பெரும்பாலும் வேறோர் ஊரிலுள்ள கணினியிலிருந்தும் சோதித்து உறுதி செய்துகொண்டு, பொறுப்பாளரின் கைபேசிக்கு எச்சரிக்கை அனுப்புகிறது. பிழைச் செய்தியையே 200 என்ற முத்திரையோடு அனுப்பும் தளத்திடம் இந்தச் சோதனை ஏமாந்துதான் போகும்.

ஆகவே, கோளாறு நேரும்போது, 'சேவை இப்போது கிடைக்கவில்லை' என்று பொருள்படும் 503 அனுப்பும்படி நிரலாளர்களிடம் சொல்லுங்கள். முகப்புப் பக்கத்தோடு நின்றுவிடாமல், மாதிரிக் கணக்கு ஒன்றில் நுழைந்து, படிவத்தை நிரப்பி, கட்டணப் பக்கம்வரை சென்று, அங்கே இருக்க வேண்டிய சொற்கள் இருக்கின்றனவா என்று பார்க்கும் சோதனையை ஓடவிடுங்கள். மாணவர்கள் நடக்கும் வழி அதுதான்.

இச்சோதனை உங்கள் வளாகத்துக்கு வெளியிலிருந்து நடப்பதும் முக்கியம்; இல்லையேல் தளத்தோடு சேர்ந்து சோதனையும் முடங்கிவிடலாம். 2017 பிப்ரவரி 28 அன்று அமேசானின் எஸ்3 சேமிப்பகச் சேவை முடங்கியபோது, சேவைகளின் நிலையை அறிவிக்கும் அவர்களது பலகையும் அதே சேமிப்பகத்தைச் சார்ந்திருந்ததால், ஏறக்குறைய இரண்டு மணி நேரம் அதில் உண்மை நிலையைப் பதிய முடியவில்லை.

தளம் 99.9 விழுக்காடு நேரம் இயங்கும் என்று ஒப்பந்தங்களில் எழுதுகிறோம். 30 நாள்களில் சுமார் 43 நிமிடம் தளம் முடங்கினாலும் அந்தக் கணக்கு பிசகாது. அந்த 43 நிமிடமும் கடைசி நாள் மாலையிலேயே வந்துவிடலாம். எனவே, கண்காணிப்புப் பதிவுகளைப் பொதுவில் வெளியிட்டு, கடைசி நாளன்று தளம் முடங்கிய நேரத்தைக் கெடுவோடு கூட்டித் தருமாறு வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
இணையதளப் பராமரிப்பாளர் ஒருவர்