பால் கவரில் தொடங்குங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அடுக்குமாடிக் குடியிருப்புகளில் ஆரவாரமாக ஆரம்பிக்கும் மறுசுழற்சித் திட்டங்கள் பல, சில மாதங்களிலேயே படுத்துவிடுகின்றன. குடியிருப்பவர்களுக்கு அக்கறை இல்லை என்று பழிபோடுவது சுலபம். ஆனால் ஏழெட்டு வகை பிளாஸ்டிக்கை முதல் நாளே பிரிக்கச் சொன்னால் யாருக்கும் அலுத்துத்தான் போகும். ஒரே ஒரு பொருளை எடுத்துக்கொண்டு, அதை ஒழுங்காகச் செய்து பழகிவிட்டால் மற்றவை பின்னால் வரும். அதற்குப் பால் கவர்தான் தோது. தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் 14 வகை பிளாஸ்டிக் பொருட்களுக்குத் தடை வந்தபோதே பால், தயிர், எண்ணெய், மருந்து உறைகளுக்கு விலக்குக் கொடுத்துவிட்டார்கள். ஆகவே பால் கவர் தினமும் வீட்டுக்குள் வரத்தான் போகிறது.

அரை லிட்டர் பால் கவரின் எடை இரண்டரை முதல் மூன்று கிராம். தினம் ஒரு லிட்டர் வாங்கும் வீட்டில் மாதத்துக்கு 60 கவர், அதாவது 150 முதல் 180 கிராம். ஒரு கிலோ சேர ஆறு மாதம் ஆகும். அதைப் பத்திரப்படுத்திக் காயலாங்கடைக்கு எடுத்துப்போக எந்த வீட்டிலும் ஆள் இல்லை. ஐம்பது வீடு சேர்ந்து ஒரே சாக்கில் போட்டால் மாதம் சுமார் 8 கிலோ. அப்போதுதான் கடைக்காரருக்கு அது சரக்கு.

சிக்கல் தொடங்குவது கத்தரிக்கோலில். மூலையைத் துண்டாக வெட்டி எறிந்தால் அந்தச் சின்ன முக்கோணத்தை யாராலும் திரும்பப் பொறுக்க முடியாது. அது சிங்க் வழியாகவோ பெருக்கும்போதோ சாக்கடைக்குப் போய்விடும். மூலையை முழுக்க வெட்டாமல், ஓரத்தில் கொஞ்சம் ஒட்டியிருக்கும்படி கீறிவிட்டால் போதும், பால் நன்றாகவே ஊற்றும். ஊற்றியதும் அரை டம்ளர் தண்ணீர் விட்டுக் குலுக்கிப் பால் பாத்திரத்திலேயே சேர்த்துவிடுவது நம் வீடுகளில் பழைய வழக்கம். பாலில் தண்ணீர் கலக்கிறோமே என்று நினைப்பவர்கள் செடிக்கு ஊற்றலாம்.

அடுத்ததைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். கவரின் மேல்பக்கத்தை முழுக்க வெட்டித் திறக்க வேண்டும். சின்ன ஓட்டையோடு காயப்போட்டால் உள்பக்கத் தாள்கள் இரண்டும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு ஈரம் அப்படியே நிற்கும். மறுநாளே புளித்த வாடை வரும், எறும்பும் கரப்பானும் வரும். அப்படிப்பட்ட நான்கு கவர்கள் போதும், சாக்கு முழுவதையும் கடைக்காரர் தள்ளிவிடுவார். அவரைக் குறை சொல்ல முடியாது. உருக்கும் எந்திரத்தில் ஈரம் ஆவியாகிக் குமிழி விடும். பால் ஆடை கருகிக் கறுப்புப் புள்ளியாகும். அப்படி உருக்கி எடுத்த பிளாஸ்டிக் குருணையில் செய்யும் பையில், குமிழி இருக்கும் இடத்தில் ஓட்டை விழும். சுத்தமான பால் கவரிலிருந்து குப்பைப் பை, நாற்றுப் பை, தோட்டத்துக் குழாய் எல்லாம் வருகின்றன.

திறந்த கவரைக் கொடியில் கிளிப் போட்டுத் தொங்கவிட்டால் வெயில் நாளில் ஒரு பொழுதில் காய்ந்துவிடும். ஐப்பசி, கார்த்திகையில் துணியால் துடைத்துவிட்டு மின்விசிறிக் காற்றில்தான் போட வேண்டும்.

தயிர்க் கவருக்கு ஒரு அலசல் போதாது, இரண்டு முறை. எண்ணெய்க் கவரை இந்தச் சாக்கில் சேர்க்கவே கூடாது. ஒன்றின் பிசுக்கு எல்லாவற்றிலும் ஏறித் தூசியை இழுக்கும். தவிர, அது பல சமயம் ஒரே பிளாஸ்டிக் இல்லை, வேறு அடுக்கும் உள்ளே இருக்கும். ‘மக்கும் பை’ என்று அச்சிட்டு வரும் பைகளும் தனி. கைக்குப் பால் கவர் போலவே இருந்தாலும் கலந்தால் உருக்கிய சரக்கைக் கெடுத்துவிடும்.

சிப்ஸ், பிஸ்கட் உறைகளைப் பற்றி எல்லாரும் கேட்கிறார்கள். உள்ளே வெள்ளியாக மின்னி, கசக்கிவிட்டாலும் தானே விரிந்துகொண்டால் அது பல அடுக்கு உறை. காயலாங்கடையில் வாங்க மாட்டார்கள், வாங்கு என்று கட்டாயப்படுத்தியும் பயனில்லை. அடுக்குகளை எளிதில் பிரிக்க முடியாது. சிமெண்ட் ஆலைச் சூளைகளில் எரிபொருளாகப் போகலாம். மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரிப் பேராசிரியர் ஆர். வாசுதேவன் கண்ட முறையில், துகளாக்கி, 160 டிகிரிக்கு மேல் சூடேற்றிய ஜல்லியின்மேல் உருகவிட்டுத் தார்ச் சாலைக்கும் பயன்படுத்தலாம். இரண்டிலும் பிவிசி மட்டும் கலக்கக் கூடாது, சூட்டில் அதிலிருந்து அமில வாயு கிளம்பும். எப்படியானாலும் இவை உள்ளாட்சி அமைப்பு செய்ய வேண்டியவை. வீட்டில் செய்யக்கூடியது, குறைவாக வாங்குவது. ஷாம்பு சாஷே பத்துக்குப் பதில் ஒரு பாட்டில். ஹோட்டல் சாம்பாருக்கு வீட்டுத் தூக்கு. கொதிக்கக் கொதிக்க மெல்லிய கவரில் கட்டித் தரும் சாம்பாரை நாம் ஏன் வாங்குகிறோம் என்பதே புரியவில்லை.

சாக்கு வைக்கும் இடத்தையும் முதலிலேயே பார்த்துக்கொள்ளுங்கள். தரைத்தளத்தில் மீட்டர் பெட்டிக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள். பிளாஸ்டிக்கில் தீப் பிடித்துக்கொண்டால் அணைப்பது சிரமம், புகை படிக்கட்டு வழியாகத்தான் மேலே ஏறும். தரையிலிருந்து ஓர் அடி உயரத்தில் பலகை போட்டு வையுங்கள், மழைத் தண்ணீர் படாது. மாதம் ஒருமுறை எடுத்தால் போதும்.

காசு விஷயத்தையும் தொடக்கத்திலேயே பேசி முடித்துவிட வேண்டும். குப்பையில் வரும் பிளாஸ்டிக்கில் நல்ல விலைபோவது தண்ணீர் பாட்டிலும் கெட்டி பிளாஸ்டிக்கும்தான். தூய்மைப் பணியாளர்களுக்கு அதில் கொஞ்சம் கைச்செலவுக்குக் கிடைக்கிறது. குடியிருப்போர் சங்கம் அதையும் சேர்த்து வாரி விற்றுக் கணக்கில் போட்டால் அவர்கள் வயிற்றில் அடிப்பதாகும், திட்டத்துக்கு அவர்களுடைய ஒத்துழைப்பும் போய்விடும். பாட்டிலை அவர்களுக்கே விட்டுவிட்டு, யாரும் சீண்டாத கவரைச் சங்கம் எடுத்துக்கொள்வதுதான் நியாயம். கவர் விற்ற பணமும் அவர்களுக்கே போனால் இன்னும் நல்லது. மாதம் எட்டு கிலோவில் சங்கம் ஒன்றும் பணக்காரராகிவிடப் போவதில்லை.

நகராட்சிகளுக்கும் மாநகராட்சிகளுக்கும் ஒரே கோரிக்கை. உலர்கழிவுக்கு வாரத்தில் ஒரு நாளைக் குறித்து, அன்றைக்கு அதற்கு மட்டும் தனி வண்டி அனுப்புங்கள். வீட்டில் கழுவிக் காயவைத்துக் கொடுத்த கவர், தெருமுனையில் சாம்பார் சோற்றோடு ஒரே லாரியில் அமுக்கப்படுவதைப் பார்த்த வீட்டுக்காரர் மறுநாள் கவரைக் கழுவ மாட்டார்.

இப்படிக்கு,
குடியிருப்போர் நலச் சங்கக் கழிவு மேலாண்மைக் குழுவினர்,
தாம்பரம்.