அளவு பார்க்காமல் தந்த கண்ணாடி, தண்ணீரில் கழுவச் சொன்ன லென்ஸ்

பெறுநர்: குறைதீர்ப்பு அதிகாரி, தலைமை அலுவலகம்
அனுப்புநர்: உங்கள் வாடிக்கையாளர், பழைய வண்ணாரப்பேட்டை, சென்னை

வணக்கம்.

இது நான் உங்களுக்கு எழுதும் நான்காவது புகார். முதல் மூன்றையும் உங்கள் ஆப்பில் போட்டேன். ஒவ்வொன்றுக்கும் ஒரு எண் வந்தது, இரண்டு நாளில் ‘தீர்க்கப்பட்டது’ என்று தானாகவே மூடிக்கொண்டது. எனக்கு எதுவும் தீரவில்லை. அதனால் இந்த முறை நடந்ததை முழுசாக எழுதுகிறேன், தயவுசெய்து யாராவது ஒருவர் உட்கார்ந்து கடைசி வரைக்கும் படியுங்கள்.

எனக்கு எம்.சி. ரோடு பக்கத்தில் சின்னதாக ஒரு தையல் கடை இருக்கிறது. கல்யாண பிளவுஸுக்கு ஆரி போடுவதுதான் முக்கிய வேலை. வலது கண் மைனஸ் 6, கூடவே சிலிண்டர் 1.25, அதாவது கருவிழி வளைவு எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி இல்லாததற்குப் போடும் பவர். இடது கண் மைனஸ் 5.50, சிலிண்டர் 0.75. கண்ணாடியைக் கழற்றினால் ஒரு சாண் தூரத்துக்கு அப்பால் எல்லாமே மங்கல்தான். பத்தாம் வகுப்பிலிருந்து கண்ணாடி போடுகிறேன், இதுவரை குறையாகத் தோன்றியதில்லை. ஆனால் கத்திரி வெயிலில் கடைக்குள் இஸ்திரிப் பெட்டி ஆவியும் வியர்வையும் சேர்ந்து கண்ணாடி மூக்கிலிருந்து நழுவிக்கொண்டே இருக்கும், துடைத்துத் துடைத்தே பாதி நேரம் போய்விடும். தங்கச்சி கல்யாணமும் வந்தது. அதனால் கான்டாக்ட் லென்ஸ் ஒரு தடவை போட்டுப் பார்க்கலாம், கூடவே தினசரிக்கு ஒரு புதுக் கண்ணாடியும் வாங்கிக்கொள்ளலாம் என்று உங்களிடம் வந்தேன். விலை கட்டுப்படியானது என்பதால்தான் வந்தேன், அதை மறைக்க எனக்கு ஒன்றும் இல்லை. கண்ணாடி 1,999 ரூபாய், லென்ஸ் 1,200 ரூபாய். எங்கள் பக்கத்தில் நிறைய பேர் உங்களிடம் வாங்குவதும் இதனால்தான்.

முதலில் கண்ணாடியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். ஆப்பில் ஆர்டர் போடும்போது ஏடிஎம் கார்டை நெற்றியில் ஒட்டினாற்போல் பிடித்து செல்ஃபி எடுக்கச் சொன்னது. கார்டு எந்த பாங்கில் வாங்கினாலும் 85.6 மில்லிமீட்டர் அகலம்தான், அதை வைத்து இரண்டு கண் பாப்பாவுக்கும் நடுவில் எவ்வளவு தூரம் என்று கணக்குப் போடுகிறீர்கள் என்று பிற்பாடு தெரிந்துகொண்டேன். நல்ல யோசனைதான். ஆனால் எனக்கு மூன்று முறை எடுத்தும் ‘தெளிவாக இல்லை’ என்றே வந்தது, அப்புறம் ஆர்டர் மட்டும் எப்படியோ போய்விட்டது. டாக்டர் எழுதிய சீட்டையும் போட்டோ எடுத்து ஏற்றியிருந்தேன், அதன் ஓரத்தில் பி.டி. 58 என்று, அதாவது அந்தக் கண் பாப்பா தூரம் 58 மில்லிமீட்டர் என்று, கையால் எழுதியிருக்கிறது.

கண்ணாடி வந்தது. போட்ட முதல் நாளே இரண்டு புருவத்துக்கும் நடுவில் யாரோ கட்டைவிரலை வைத்து அழுத்துகிற மாதிரி வலி. புதுக் கண்ணாடி, நாலு நாளில் பழகிவிடும் என்று அம்மா சொன்னார், நானும் பொறுத்தேன். பதினோராம் நாள் ஜரிகை போடும்போது இரண்டு வரி ஒன்றின் மேல் ஒன்று ஏறித் தெரிந்தது. ஒரு மயில் கழுத்தையே பிரித்து மறுபடி போட வேண்டியதாகிவிட்டது.

எங்கள் தெருமுனையில் ஆப்டிகல்ஸ் வைத்திருக்கும் பாயிடம் எடுத்துப் போனேன். அவர் கண்ணாடியை, பவரும் மையமும் பார்க்கிற லென்சோமீட்டர் கருவியில் வைத்து, ஒவ்வொரு பக்கமும் மையத்தைப் பிடித்து மசியால் புள்ளி வைத்துக் கொடுத்தார். “போட்டுக்கிட்டு நேரா என்னைப் பாரும்மா” என்றார். அப்புறம் கண்ணாடியை என் கையில் கொடுத்து, அவர் மொபைலில் எடுத்த படத்தைக் காட்டினார். அந்தப் புள்ளிகள் என் கண் பாப்பாவின் மேல் இல்லை. இரண்டுமே வெளிப்பக்கமாக, காதுப் பக்கமாகத் தள்ளி நின்றன. ஸ்கேல் வைத்து அளந்தார்: 64. என் அளவு 58. ஒரு பக்கத்துக்கு 3 மில்லிமீட்டர் தப்பு.

3 மில்லிமீட்டர் உங்களுக்குச் சின்ன விஷயமாகத் தோன்றலாம். லென்ஸின் மையத்தை விட்டு விலகிப் பார்த்தால் கண்ணாடி பட்டகம் (ப்ரிஸம்) மாதிரி வேலை செய்து உருவத்தை ஒரு பக்கமாக இழுக்கும், பவர் ஏற ஏற அந்த இழுப்பும் ஏறும். முக்கால் பவர், ஒரு பவர்காரர்களுக்குத் தெரியவே தெரியாது. மைனஸ் 6-க்கு அப்படி இல்லை, இரண்டு கண்ணும் நாள் முழுக்க அந்த இழுப்பை எதிர்த்துத்தான் ஒன்று சேர வேண்டும். தலைவலி வராமல் என்ன செய்யும்? உங்கள் சாட்டில் கேட்டபோது, ‘செல்ஃபியில் அளவு கிடைக்காததால் சராசரி அளவாக 64 பயன்படுத்தப்பட்டது’ என்று எழுதிக் கொடுத்திருக்கிறீர்கள், ஸ்கிரீன்ஷாட் இணைத்திருக்கிறேன். நான் தையல்காரி. அளவு கொடுக்காமல் போன வாடிக்கையாளருக்குப் போன் போட்டுக் கேட்பேனே தவிர, சராசரியாக ஒரு 36 வைத்துத் துணியை வெட்ட மாட்டேன். உங்களிடம் சீட்டிலேயே அளவு இருந்தது, என் போன் நம்பரும் இருந்தது.

கண்ணாடி இத்தோடு போயிருந்தால் இவ்வளவு நீளமாக எழுதியிருக்க மாட்டேன். லென்ஸ் விஷயம்தான் இன்னும் எனக்கு ஆறவில்லை.

இலவச ட்ரையல் என்று பெரம்பூர் கிளைக்கு வரச் சொன்னீர்கள், போன மாதம் 7-ம் தேதி போனேன். அங்கிருந்த தம்பி மரியாதையாகத்தான் பேசினார், அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை, அவருக்குச் சொல்லிக்கொடுக்காதவர்கள் மேல்தான் கோபம். எந்தக் கருவி முன்னாலும் என்னை உட்கார வைக்கவில்லை. கருவிழியின் வளைவு அளக்கவில்லை. கண்ணாடிச் சீட்டைப் பார்த்தார், மைனஸ் 6 லென்ஸ் பாக்கெட்டை உடைத்தார், போட்டுவிட்டார். கண்ணாடி கண்ணிலிருந்து ஒரு சென்டிமீட்டருக்கு மேல் தள்ளி இருக்கிறது, லென்ஸ் கண்ணின் மேலேயே உட்காருகிறது, அதனால் நாலு பவருக்கு மேல் போனால் அப்படியே எழுதக் கூடாது, கண்ணாடியில் 6 என்றால் லென்ஸில் ஐந்தரை வாக்கில்தான் வரும். இதை எனக்குச் சொன்னவர் நான் பின்னால் பார்த்த டாக்டர், நீங்கள் இல்லை. சிலிண்டருக்கு டாரிக் லென்ஸ் என்று தனியாக இருக்கிறது என்பதும் அன்றைக்கு யாரும் சொல்லவில்லை. சுவரில் இருந்த எழுத்துக்கெல்லாம் பக்கத்தில் ஒரு நிழல் தெரிகிறது என்றேன். “பழகிடும்க்கா” என்றார். ஆறு மாத பாக்கெட்டுக்குப் பணம் கட்டிவிட்டு வந்தேன்.

கிளம்பும்போது நானே கேட்டேன், லென்ஸ் கழுவுகிற சொல்யூஷன் தீர்ந்துபோனால் என்ன செய்வது என்று. “ஒரு நாள் ரெண்டு நாள் நல்ல தண்ணில கழுவிப் போட்டுக்கோங்க, ஒண்ணும் ஆகாது” என்றார்.

நம்பினேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை, நீங்கள் கொடுத்த சின்ன பாட்டில் காலியானதும், கேன் தண்ணீரில் கழுவினேன். எங்கள் வீட்டில் குழாய்த் தண்ணீர் பிடித்து டிரம்மில் வைப்போம், அதைவிடக் கேன் தண்ணீர் சுத்தம் என்று நினைத்துத்தான் செய்தேன். செவ்வாய்க்கிழமை காலையில் வலது கண்ணைத் திறக்க முடியவில்லை. ட்யூப்லைட்டைப் பார்த்தால் ஊசி குத்துகிற மாதிரி இருந்தது, தண்ணீர் கொட்டிக்கொண்டே இருந்தது. அம்மா என் கையைப் பிடித்து எழும்பூர் அரசு கண் மருத்துவமனைக்குக் கூட்டிப் போனார். 1819-ல் தொடங்கிய ஆஸ்பத்திரி, என் பாட்டிக்குப் புரை எடுத்ததும் அங்கேதான். டாக்டர் ஆரஞ்சு நிறத்தில் ஒரு காகிதத் துண்டைக் கண்ணோரத்தில் தொட்டுவிட்டு நீல வெளிச்சத்தில் பார்த்தார். கருவிழியில் கீறல் இருந்தால் அந்த இடம் மட்டும் பச்சையாக ஒளிரும் என்றார். எனக்கு ஒளிர்ந்தது.

அவர் கேட்ட முதல் கேள்வி, “தண்ணியில கழுவினீங்களா?”

எந்தத் தண்ணீரானாலும் சரி, குழாயோ கேனோ போரோ, லென்ஸில் படவே கூடாதாம். தண்ணீரில் அகந்தமீபா என்று ஒரு நுண்ணுயிர் இருக்கலாம், லென்ஸுக்கு அடியில் மாட்டிக்கொண்டால் சின்னக் கீறல் வழியாகக் கருவிழிக்குள் போய்விடும், வைத்தியம் மாதக்கணக்கில் இழுக்கும், சிலருக்குப் பார்வையே போய்விடும் என்றார். எனக்கு அதுவரைக்கும் போகவில்லை, கீறலோடு நின்றது. ஒரு வாரம் சொட்டு மருந்து, லென்ஸ் பக்கமே போகக் கூடாது. கையில் இருந்த இரண்டு கல்யாண ஆர்டரைத் தோழியிடம் கொடுத்துவிட்டேன். தங்கச்சி கல்யாணத்தில் காது ஒட்டவைத்த பழைய கண்ணாடியோடு நின்றேன், புதுசைப் போட்டால் தலைவலி.

லென்ஸ் போடுகிறவருக்குச் சொல்ல வேண்டியது ஐந்து நிமிஷப் பேச்சுதான். சோப்பு போட்டுக் கை கழுவி நன்றாகத் துடைத்த பிறகுதான் தொட வேண்டும். கழற்றியதும் உள்ளங்கையில் சொல்யூஷன் விட்டுத் தேய்க்க வேண்டும். லென்ஸ் ஊறப்போடும் டப்பாவில் நேற்று ஊற்றியதைக் கொட்டிவிட்டுப் புதுசாக ஊற்ற வேண்டும், பழசின் மேலேயே ஊற்றக் கூடாது, அந்த டப்பாவையும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். போட்டுக்கொண்டு தூங்கக் கூடாது. இது எல்லாம் நான் ஆஸ்பத்திரியில் கற்றுக்கொண்டது.

பணம் திருப்பிக் கேட்டதற்கு ‘பவர் போட்டுத் தயாரித்த பொருளுக்கு ரிட்டர்ன் இல்லை’ என்று பதில் வந்தது. என் பவருக்கும் என் அளவுக்கும் தயாரித்திருந்தால் அந்த விதியை ஒத்துக்கொள்வேன். இது என் அளவே இல்லையே.

எனக்கு வேண்டியது இவ்வளவுதான். கண்ணாடிக்கும் லென்ஸுக்கும் கட்டிய 3,199 ரூபாய் திரும்பி வர வேண்டும். மாற்றுக் கண்ணாடி வேண்டாம், பாயிடமே போட்டுக்கொள்கிறேன். செல்ஃபியில் அளவு வராத ஆர்டரை, ஆளைக் கேட்காமல் செய்ய அனுப்பாதீர்கள். எல்லாவற்றையும்விட முக்கியமானது இது: அந்தக் கிளையில் ட்ரையல் எடுத்து லென்ஸ் வாங்கிப்போன எல்லோருக்கும் இந்த வாரமே போன் போட்டு, தண்ணீரில் கழுவாதீர்கள் என்று சொல்லுங்கள். எல்லோருடைய நம்பரும் உங்களிடம் இருக்கிறது. காலேஜ் படிக்கிற பெண்கள்தான் அன்றைக்கு என் பின்னால் வரிசையில் நின்றார்கள், அவர்களுக்கும் அதே தம்பிதான் சொல்லியிருப்பார்.

2020-ல் வந்த மின்வணிக விதிகளின்படி 48 மணி நேரத்தில் புகார் கிடைத்தது என்று நீங்கள் பதில் தர வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்வு தர வேண்டும். இந்த முறையும் தானாக மூடினால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் செய்வேன், அதற்கு மேலும் நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன். சீட்டு, பில், பாய் எடுத்த படம், ஆஸ்பத்திரி ஓ.பி. சீட்டு, உங்கள் சாட் எல்லாம் இத்துடன் இருக்கிறது.

பார்சலை எடுக்க ஆள் அனுப்புவதாக இருந்தால் காலை பத்து மணிக்கு மேல் கடையில் இருப்பேன். புள்ளியை நான் அழிக்கவில்லை, கண்ணாடியை அப்படியே வைத்திருக்கிறேன்.