ப்ரூஃப் பார்க்கத் தெரிந்தால் போதும்

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற வாரம் தங்கள் மாணவர் இணைப்பிதழில் திறந்த மூல மென்பொருள், அதாவது யார் வேண்டுமானாலும் மூலத்தை எடுத்துப் பார்த்துத் திருத்தக்கூடிய மென்பொருள் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். நல்ல கட்டுரைதான். ஆனால் 'நிரல் எழுதத் தெரிந்தவர்கள் இதில் பங்களிக்கலாம்' என்று அதில் ஒரு வரி இருந்தது. எங்கள் தெருவில் பிளஸ் டூ வரலாறு எடுத்துப் படிக்கும் பிள்ளை அந்த வரி வரைக்கும் ஆசையாகப் படித்துவிட்டு, "அப்ப இது எனக்கு இல்ல தாத்தா" என்று பேப்பரைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள். அவளுக்காகத்தான் இந்தக் கடிதம்.

எனக்கும் நிரல் எழுதத் தெரியாது. நான் அச்சுக்கோப்பவன். 1980ல் ராமநாதபுரம் அரண்மனைப் பக்கம் ஒரு சிறிய அச்சகத்தில் சேர்ந்தேன். எழுத்துச் சீர்திருத்தம் வந்து இரண்டு வருடம்தான் ஆகியிருந்தது. தும்பிக்கை வைத்த பழைய லை, ணை எழுத்துகள் அப்போதும் அச்செழுத்து வைக்கும் கேஸில் ஒரு மூலையில் கிடந்தன. தங்கச்சிமடத்திலிருந்து ரயிலில் போய் வருவேன். பாம்பன் சாலைப் பாலம் 1988ல்தான் திறந்தார்கள். கல்யாணப் பத்திரிகை, ஏர்வாடி சந்தனக்கூடு நோட்டீஸ், கூட்டுறவுச் சங்க ரசீது, எல்லாம் கோர்த்திருக்கிறேன். பிறகு கம்ப்யூட்டர் வந்தது, பக்கம் வடிவமைக்கும் பேஜ்மேக்கர் படித்தேன். வேலை எத்தனை மாறினாலும் ப்ரூஃப் பார்ப்பது, அதாவது அச்சுக்குப் போகும் முன் படித்துப் பிழை திருத்துவது மட்டும் என்னை விட்டுப் போகவில்லை. இப்போது மூன்று வருடமாக டெபியன் என்ற கணினி இயங்குதளத்தின் இணையதளத்தில், பக்கங்களுக்குள் இருக்கும் டேக் என்ற குறிகளின் பிழைகளைத் திருத்தி வருகிறேன்.

என்னை இதில் இழுத்துவிட்டது என் தங்கை மகன். பிறவியிலேயே பார்வை இல்லாதவன். திரையில் இருப்பதை வாசித்துச் சொல்லும் மென்பொருளை வைத்துக்கொண்டு கல்லூரிப் படிப்பை முடித்தான். ஒரு நாள் ஒரு விண்ணப்பப் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, "மாமா, இதுல எங்க அமுக்கணும்னே சொல்ல மாட்டேங்குது" என்றான். பார்த்தேன். 'சமர்ப்பி' என்ற பொத்தானைப் படமாகப் போட்டிருந்தார்கள். அந்தப் படத்துக்குப் பின்னால் இருக்க வேண்டிய ஒரு சொல் இல்லை. எனக்குக் கண்ணெதிரே தெரிந்த பொத்தான் அவனுக்கு இல்லவே இல்லை. இரண்டு முறை கடிதம் எழுதினோம், பதில் வரவில்லை. நாற்பது வருடம் ப்ரூஃப் பார்த்தவன், பிழை தெரிந்தும் அதில் கை வைக்க வழியில்லாமல் உட்கார்ந்திருந்தேன்.

டெபியனில் அந்த வழி இருக்கிறது. 1993ல் இயான் மர்டாக் தொடங்கியது, உலகம் முழுதும் தன்னார்வலர்கள் நடத்துவது. அரசு 2011 முதல் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கொடுத்த மடிக்கணினிகளில் பாஸ் லினக்ஸ் என்ற இயங்குதளம் இருந்ததே, அதுவும் டெபியன் மேல் கட்டியதுதான். டெபியனை நிறுவும்போது முதல் மெனு வந்ததும் ஒரு 'பீப்' ஒலி வரும். அப்போது எஸ் எழுத்தை அமுக்கி என்டர் தட்டினால் கணினி பேசத் தொடங்கும். என் தங்கை மகன் யார் உதவியும் இல்லாமல் தன் பழைய மடிக்கணினியில் அதை நிறுவிக்கொண்டான். எனக்குப் பெரிதாகப் பட்டது வேறொன்று. மென்பொருளைப் போலவே இணையதளத்தின் மூலக் கோப்புகளையும் யார் வேண்டுமானாலும் எடுத்துப் பார்க்கலாம், திருத்தி அனுப்பலாம்.

டேக் என்பது பயப்படுகிற சங்கதி இல்லை. கோண அடைப்புக்குறிக்குள் இது தலைப்பு, இது பத்தி, இது பட்டியல் என்று எழுதிய குறிப்பு, அவ்வளவுதான். திறந்ததை மூட வேண்டும், முறை மாறாமல் மூட வேண்டும். மூடாமல் விட்டால் பிரவுசர் தானே ஊகித்துச் சமாளித்துவிடும். அதனால்தான் கண்ணால் பார்க்கிறவருக்குப் பிழை தெரிவதில்லை. நான் அடிக்கடி திருத்துவது இது: பத்தியைத் திறப்பார்கள், அதற்குள்ளேயே பட்டியலைத் தொடங்கி முடித்து, பிறகு பத்தியை மூடுவார்கள். பத்திக்குள் பட்டியல் வரக்கூடாது என்பது விதி. பட்டியலைப் பார்த்ததும் பிரவுசர் பத்தியை மூடிவிடும். கடைசியில் வரும் மூடும் குறிக்கு ஜோடி இல்லாததால் அங்கே ஒரு காலிப் பத்தி முளைக்கும். இன்னொன்று, கட்டளைகளில் வரும் இரட்டைச் சிறுகோடு. அதை யாராவது நீளக்கோடாக மாற்றியிருப்பார்கள். அச்சில் நீளக்கோடு அழகு, நானே ஆசையாகப் போட்டவன். கட்டளையில் போட்டால் கணினிக்குப் புரியாது. செய்முறைப் படிகளைப் பட்டியல் குறி இல்லாமல் வரிக்கு வரி கோடு போட்டு எழுதியிருந்தால், 'ஏழு உருப்படி கொண்ட பட்டியல்' என்று என் தங்கை மகனுக்கு அந்த மென்பொருள் முன்கூட்டிச் சொல்லாது. எத்தனை படி பாக்கி என்று தெரியாமல் அவன் கேட்டுக்கொண்டே போக வேண்டும்.

முதல் திருத்தத்தில் நான் தவறு செய்தேன். ஆங்கிலக் கோப்பில் ஒரே ஒரு மூடும் குறியைச் சேர்த்து அனுப்பினேன். அந்தத் தளத்தில் ஒவ்வொரு மொழிபெயர்ப்புக் கோப்பின் தலையிலும், இது ஆங்கில மூலத்தின் எந்தப் பதிப்பிலிருந்து பெயர்த்தது என்று ஓர் அடையாளம் இருக்கும். மூலம் மாறினால் மொழிபெயர்ப்பு பழசாகிவிட்டது என்று காட்டிவிடும். நான் சேர்த்த ஒரு குறிக்காக அத்தனை மொழிக்காரர்களும் என்ன மாறியது என்று தேட வேண்டியதாயிற்று. கேலி ப்ரூஃப் என்ற சோதனை அச்சில் ஒரு வரியைத் தொட்டால் பக்கம் முழுதும் பார்க்க வேண்டும் என்று எனக்குத் தெரியாதா என்ன? இப்போதெல்லாம் எல்லா மொழிக் கோப்பிலும் அதே பிழையைத் திருத்தி, தலையில் உள்ள அடையாளத்தையும் சேர்த்து மாற்றி அனுப்புகிறேன். எனக்குப் பிரெஞ்சு தெரியாது, டேனிஷ் தெரியாது. டேக் எல்லா மொழியிலும் ஒன்றுதான். கச்சான் காற்றில் சிக்னல் போய்விட்டாலும் கோப்புகள் என் கணினியிலேயே இருக்கின்றன. திருத்தி வைத்துவிட்டு, சிக்னல் வந்ததும் அனுப்புவேன்.

வரலாறு படிக்கும் அந்தப் பிள்ளையை வரவழைத்து ஒரு பக்கத்தின் மூலத்தைக் காட்டினேன். கால் மணி நேரத்தில், மூடாத குறி ஒன்றை எனக்கு முன்னால் அவள் கண்டுபிடித்தாள். ஆகவே அடுத்த முறை எழுதும்போது, நிரல் தெரியாதவருக்கும், நிதானமாகப் படிக்கிற யாருக்கும் இதில் வேலை இருக்கிறது என்று ஒரு பத்தி சேர்க்க வேண்டுகிறேன்.

அப்புறம், தங்கள் நாளிதழின் இணையப் பக்கம் பற்றி. ஞாயிறு மலரின் தலைப்புகள் அனைத்தும் படங்களாக இருக்கின்றன, பின்னால் சொல் இல்லை. என் தங்கை மகன் ஞாயிறு காலையில் திறந்தால் 'படம், படம், படம்' என்றுதான் கேட்கிறது. சில செய்திகளில் ஔ என்ற எழுத்துக்கு ஒ, ள இரண்டையும் சேர்த்து அடித்திருக்கிறீர்கள். பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும், ஆனால் ஔவையார் என்று தேடினால் அந்தச் செய்தி வராது. கடந்த நான்கு ஞாயிறுகளின் பக்கங்களைப் பார்த்து, எந்தப் படத்துக்கு என்ன சொல் வேண்டும் என்று வரிசையாக எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன். மொத்தம் 31 இடங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற அச்சுக்கோப்பாளர்,
தங்கச்சிமடம்.